தறி இல்லாமல், பாரசீக வேலைப்பாடுள்ள அலங்காரப் பட்டை நெய்ய முடியுமா?

முடியும். ஈரானின் பக்தியாரி நாடோடிகள் மூட்டை கட்டும் பட்டைகளை அட்டைகளை வைத்தே நெய்தார்கள். முறை இதுதான்: சதுர அட்டையின் நான்கு மூலைகளிலும் துளை, துளைக்கு ஒரு பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல். 20 அட்டை என்றால் 80 நூல். அட்டைகளைக் கால் சுற்று திருப்பினால் நூல்களுக்கு நடுவே புது வழி திறக்கும். அதில் ஊடையை, அதாவது குறுக்கு நூலை, விட்டு இறுக்குங்கள்.

அட்டைக்கு இரண்டு நூல் கறுப்பு, இரண்டு சிவப்பு என்று கோத்து, இரண்டு முறை முன்னால், இரண்டு முறை பின்னால் திருப்புங்கள். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு வரும். நூலில் முறுக்கும் சேராது. உருவம் வேண்டிய இடத்தில் அந்த அட்டைகளை மட்டும் எதிர்த்திசையில் திருப்ப வேண்டும்.

எந்த உருவம்? நம் சேலையில் மாங்காய் என்கிறோமே, அது பாரசீகத்தில் ‘போத்தே’, அதாவது செடி, புதர். யஸ்த் நகரின் தெர்மே துணியில் நிறையப் பார்க்கலாம். ஆனால் குறுகிய பட்டையில் அதன் வளைவு படிக்கட்டாகிவிடும், எரிச்சலாக இருக்கும். முதலில் சாய்சதுரம், ஆட்டுக்கொம்பு போட்டுக் கை பழகட்டும். அப்புறம் மாங்காய்க்கு வாருங்கள்.