படகு இருக்கிறது, ஆவுளியாவுக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: சேதுபாவாசத்திரம் பக்கம் எனக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் கரையில் சும்மாதான் கிடக்கிறது. ஆவுளியா என்கிற கடல்பசுவைக் காக்கிற வேலைக்கு அதைக் கொடுக்கலாமா? கல்லூரிப் பிள்ளைகளை ஏற்றிப்போய்க் கடலைக் காட்டினால் எப்படி?

பதில்: நல்ல மனசுதான், ஆனால் பிள்ளைகளை ஏற்றும் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். உங்களுடையது மீன்பிடிக்கப் பதிவான படகு. வெளி ஆட்களை ஏற்றி ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்லப்போவது நீங்கள்தான். வனத்துறை எழுத்தில் அனுமதி கொடுத்து, ஆளுக்கொரு உயிர்காப்பு உடுப்பும் இருந்தால் அப்புறம் பார்க்கலாம்.

உங்கள் கடல்தான் நாட்டின் முதல் கடல்பசுக் காப்பகம். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை அறிவித்தார்கள். ஆவுளியா அங்கே வருவதே தாழை என்கிற கடற்புல்லை மேயத்தான். அதனால் தாழை படர்ந்த இடத்தில் நங்கூரம் போடாதீர்கள், ஆழம் குறைந்தால் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கழி ஊன்றிப் போங்கள். வேகமாக ஓட்டினால் புல்லும் போகும், மூச்சுவிட மேலே வந்த ஆவுளியாவின் முதுகிலும் எஞ்சின் விசிறி பட்டுவிடும். இதற்கு எந்தக் குழுவிலும் சேர வேண்டியதில்லை, நாளைக்கே தொடங்கலாம்.

வலையில் ஆவுளியா மாட்டினால் வாலைப் பிடித்துப் படகில் ஏற்றப் பார்க்காதீர்கள். அதற்குச் சில நிமிஷத்துக்கு ஒரு முறை மூச்சு வேண்டும், வலைக்குள் அமுங்கினால் மூச்சு முட்டியே செத்துவிடும். மூக்கு தண்ணீருக்கு மேலே இருக்கிறமாதிரி வலையைத் தூக்கிப் பிடித்து, அறுத்து விடுங்கள். வலை போகிறதே என்று வயிறு எரியும்தான், அது எனக்கும் புரிகிறது. முடிந்தால் கூட இருப்பவர் செல்போனில் படம் எடுக்கட்டும். இப்படி விடுவித்தவர்களுக்கு வனத்துறை பரிசு கொடுத்திருக்கிறது.

ஆராய்ச்சிக்காரர்கள் படகு கேட்டு வந்தால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் எண்ணெய்ச் செலவு யாருடையது என்று புறப்படும் முன்பே பேசிவிடுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு இரண்டு தடவை சொந்தக் காசில் போனவர், மூன்றாவது தடவை கூப்பிட்டால் போனையே எடுப்பதில்லை.

கேள்வி: தூத்துக்குடிக்காரன் நான். மன்னார் வளைகுடாத் தீவுகளில் ஒதுங்கும் குப்பையையும் அறுந்த வலைகளையும் நண்பர்களோடு படகில் போய் அள்ளி வரலாமா?

பதில்: நீங்களாகப் போகக் கூடாது. அந்த 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் காலே வைக்க முடியாது. குப்பை அள்ளத்தான் வந்தோம் என்றால் ரோந்துப் படகில் வருபவர் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். வனத்துறையிடம் முன்கூட்டியே மனு கொடுத்து, அவர்கள் ஆளோடு போங்கள். பவளப்பாறையில் சிக்கிய வலையைப் படகில் கட்டி மட்டும் இழுத்துவிடாதீர்கள், வலையோடு பாறையும் பெயர்ந்து வரும். முக்குளிக்கத் தெரிந்தவர் இறங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். அப்படி ஒருவர் உங்கள் கூட்டத்தில் இல்லையென்றால் மிதக்கிற வலையையும் கரையில் ஒதுங்கியதையும் மட்டும் எடுத்து வாருங்கள், அதுவே ஒரு படகு நிறையும்.