எழுதிய கட்டுரை எங்கே போயிற்று?

கேள்வி: எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலைப் பற்றி இரண்டு நாள் உட்கார்ந்து தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதினேன். மறுநாள் கட்டுரையே இல்லை. ஓய்வு பெற்ற தமிழாசிரியை நான், ஒரு சந்திப்பிழைகூட இருக்காது. நீக்குவதற்கு அவர்கள் யார்?
- வாசகி, தேனி மாவட்டம்

பதில்: அம்மா, நீக்கியவரும் உங்களைப் போலச் சம்பளமில்லாமல் வேலை செய்பவர்தான். நீங்கள் அனுப்பிய பிரதியைப் படித்தேன், தமிழில் குறையே இல்லை. ஆனால் தல வரலாற்றின் நான்கு பத்தியும் கும்பாபிஷேக மலரில் உள்ளபடியே இருக்கிறது, கீழே 'நன்றி' என்றும் போட்டிருக்கிறீர்கள். நன்றி போட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், போதாது. விக்கியில் ஏறிய எழுத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, அச்சிட்டு விற்கக்கூடச் செய்யலாம். அந்த அனுமதியை மலரை எழுதியவர் கொடுக்கவில்லையே. நம் நாட்டுச் சட்டப்படி ஒருவர் இறந்து 60 ஆண்டுகள் வரை அவர் எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு. செய்தியை எடுத்துக்கொள்ளலாம், வாக்கியம் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

அப்புறம், 'கேட்ட வரம் தரும் அம்மன்', 'ஆயிரம் ஆண்டுப் பழமை'. முதலாவதை 'என்று பக்தர்கள் நம்புகின்றனர்' என்று மாற்றி, அப்படிச் சொல்லும் நூலையோ நாளிதழ்ச் செய்தியையோ மேற்கோளாகக் கொடுங்கள். இரண்டாவதற்குக் கல்வெட்டு இருந்தால் தொல்லியல் துறை வெளியிட்ட தொகுதிகளில் தேடுங்கள், கிடைக்காவிட்டால் அந்த வரியை விட்டுவிடுங்கள். பெரியசாமித் தூரன் பொறுப்பில் 1954 முதல் வந்த கலைக்களஞ்சியத்தில் துறை அறிஞர்கள் எழுதினார்கள், அவர்களை நம்பிப் படித்தோம். விக்கியில் எழுதுபவர் யாரென்றே தெரியாது, அதனால்தான் வரிக்கு வரி சான்று கேட்கிறார்கள்.

உங்கள் உழைப்பு தொலைந்துவிடவில்லை. நீக்கிய பக்கம், நீக்கும் உரிமை பெற்ற பயனர்களான நிர்வாகிகளின் பார்வைக்குத் தெரியும். உதவி கேட்பதற்கென்றே உள்ள ஒத்தாசைப் பக்கத்தில் கேளுங்கள், செய்தியின் முடிவில் நான்கு அலைக்குறி (~~~~) போட்டால் உங்கள் கையொப்பம் தானாக வந்துவிடும். இந்த முறை மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பார்த்து, யாரிடமாவது காட்டிவிட்டுக் கட்டுரையாக்குங்கள்.

கேள்வி: விக்கிப்பீடியாவில் ஒரு புதுப் பயனர் நடிகர் பற்றிய கட்டுரையில் 'மக்கள் மனம் கவர்ந்த', 'ஈடு இணையற்ற' என்று சேர்த்துக்கொண்டே இருக்கிறார். மூன்று முறை அதை எடுத்துவிட்டுப் பழையபடி மீளமைத்தேன், மறுபடியும் போடுகிறார். தடை செய்யச் சொல்லட்டுமா?
- வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். முதலில் நீங்கள் நிறுத்துங்கள், மீளமைத்துக்கொண்டே போனால் அது நீங்களும் நடத்தும் தொகுப்புப் போர்தான். மூன்று தடவையும், சேமிக்கும்போது குறிப்பு எழுதும் இடமான தொகுப்புச் சுருக்கத்தில் காரணம் எழுதினீர்களா? கைப்பேசியில் தொகுப்பவர்கள் பலருக்குக் கலந்து பேசுவதற்குப் பேச்சுப் பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது, தாம் எழுதியது ஏதோ கோளாறில் சேமிக்கப்படவில்லை என்று எண்ணித் திரும்பத் திரும்பப் போடுவார்கள். ஆறேழு விதிப்பக்க இணைப்புகளை ஒட்டாமல், அவருடைய பேச்சுப் பக்கத்தில் நாலு வரி எழுதுங்கள்: 'வணக்கம். நீங்கள் சேர்த்த படப்பட்டியல் பயனுள்ளது, அதை வைத்திருக்கிறேன். ஈடு இணையற்ற என்பது நம் கருத்தாகிவிடும், அதனால் எடுத்தேன். அவர் விருது பெற்றிருந்தால் எந்த ஆண்டு, எந்த விருது என்று சான்றோடு சேர்க்கலாமா?' அவர் வரிகளில் ஒன்றை நீங்களே சான்று போட்டுத் திருத்திக் காட்டினால் இன்னும் நல்லது, கட்டுரை வரலாற்றில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் புரிந்துகொள்வார். அதற்கும் பதில் வராமல் தொடர்ந்தால் நிர்வாகியிடம் போகலாம், அதுவரை பொறுங்கள். நானும் முதல் மாதத்தில் இப்படித்தான் எழுதினேன், ஒருவர் பொறுமையாகச் சொன்னதால்தான் இன்னும் அங்கே இருக்கிறேன்.

கேள்வி: தியாகியான என் தாத்தாவைப் பற்றி நானே எழுதலாமா? கடிதங்கள், தாமிரப் பட்டயம் எல்லாம் வீட்டில் உள்ளன.
- வாசகர், திருநெல்வேலி

பதில்: நீங்கள் எழுதாமல் இருப்பது நல்லது, பேரன் எழுதினால் நடுநிலை கடினம். அச்சில் வராத கடிதம் மேற்கோளாகவும் செல்லாது. அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதி வெளியான நூல், பழைய நாளிதழ்ச் செய்தி இருந்தால் அந்த விவரத்தோடு விக்கியின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் கேளுங்கள், ஆர்வமுள்ள ஒருவர் எழுதுவார். கடிதங்களை இப்போதே ஸ்கேன் எடுத்துவிடுங்கள், பழைய தாள் அதிக நாள் தாங்காது.