கேள்வி–பதில்: அப்பியஸ் கிளாடியஸ் யார் பக்கம்?

கேள்வி: ரோமின் அப்பியஸ் கிளாடியஸ் உயர்குடியான பாட்ரீசியர் குலத்தில் பிறந்தும் எளியவர்களைத் தூக்கிவிட்டார் என்று ஓரிடத்திலும், உயர்குடியில் பிறக்காத பிளீபியர்களின் உரிமைக்கு முட்டுக்கட்டை போட்டார் என்று வேறோரிடத்திலும் படித்தேன். எது சரி?

பதில்: இரண்டுமே சரிதான். பெரும்பாலும் ரோமின் தலைமை ஆட்சியாளரான கான்சல் பதவி வகித்தவர்களுக்கே கிட்டும் சென்சார் பதவி, கான்சல் ஆவதற்கு முன்பே, கி.மு. 312-இல் அவருக்கு வாய்த்தது. குடிமக்களை வாக்களிக்கும் பிரிவுகளில் பதிவதும் செனட் சபையின் உறுப்பினர் பட்டியலைத் திருத்துவதும் அந்தப் பதவிக்குரிய அதிகாரங்கள் என்பதால், விடுதலை பெற்ற அடிமைகளின் மகன்களைப் பட்டியலில் சேர்த்த அவர், நகரத்து ஏழைகளும் விரும்பிய பிரிவில் பதிந்துகொள்ள வழிவிட்டார். மறு ஆண்டின் கான்சல்கள் அந்தப் பட்டியலை ஏற்க மறுத்துப் பழைய பட்டியலின்படியே சபையைக் கூட்டினர், கி.மு. 304-இல் சென்சாராக இருந்த ஃபேபியஸ் ருல்லியானஸ் அந்த ஏழைகளை நான்கு நகரப் பிரிவுகளுக்குள் ஒதுக்கிவிட்டார்.

ரோமிலிருந்து காப்புவா நகர் வரை போடப்பட்ட அப்பியன் சாலையும், ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தூரம் பெரும்பாலும் பூமிக்கடியிலேயே ஓடிய ரோமின் முதல் நீர்க்கால்வாயும் அதே பதவிக்காலத்தில் தொடங்கியவை. கால்வாய்க்கான ஊற்றுகளைக் கண்டுபிடித்தவர் உடன் சென்சாராக இருந்த பிளாட்டியஸ். அவரோ பதினெட்டு மாதக் கெடு முடிந்ததும் முறைப்படி விலகிக்கொள்ள, அப்பியஸ் நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்டு கால்வாய்க்குத் தம் பெயரையே சூட்டிவிட்டார்.

ஆனால் கி.மு. 300-இல் உயர் குருமார் பதவிகளைப் பிளீபியர்களுக்குத் திறந்துவிட்ட ஒகுல்னியச் சட்டத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். அந்தப் பதவிகளுக்கு வரக்கூடியவர்கள் ஏழைகளல்லர், அவருக்குச் சரிநிகர் போட்டியாக வளர்ந்துவந்த செல்வந்தப் பிளீபியர்கள். தமக்குக் கடன்பட்டவர்களை அவர் வளர்த்தார், போட்டியாளர்களைத் தடுத்தார் என்பதே என் கணிப்பு.

கேள்வி: முதுமையில் பார்வையிழந்த நிலையில் அவர் ஒரு சமாதான ஒப்பந்தத்தையே தடுத்தாராமே?

பதில்: ஆம். கி.மு. 280-இல் தென் இத்தாலியின் ஹெராக்ளியாவில் ரோமானியரை வென்ற கிரேக்க மன்னர் பிர்ரஸ், சினியாஸ் என்ற தூதரைச் சமாதான நிபந்தனைகளோடு அனுப்ப, செனட் சபை ஏறக்குறைய இணங்கிவிட்டது. செய்தியறிந்த அப்பியஸ் பல்லக்கில் சபை வாசலுக்கு வந்தார். மகன்களும் மருமகன்களும் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துச் சென்றனர். “கண் போனதற்காக இதுவரை வருந்தினேன், இதைக் கேட்கும்போது காதும் போயிருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது” என்று அவர் தொடங்கியதாகக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். பிர்ரஸ் இத்தாலியை விட்டு வெளியேறிய பிறகே பேச்சு என்று சபை பதில் அனுப்பியது. அப்பியஸின் உரை இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் காலத்திலும் படிக்கக் கிடைத்தது.