ஐசியூ, எமர்ஜென்சி நர்ஸ்களுக்கான தனிச் சான்றிதழ் தேர்வை எழுதுவதால் பயன் உண்டா? சம்பளம் ஏறாது என்கிறார்களே?

சம்பளம் ஏறாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பி.எஸ்சி. முடித்து, ஏதோ ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று ஷிஃப்டும் மாறி மாறிப் பார்ப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். நர்சிங் கவுன்சில் பதிவு இருந்தால் வேலை பார்க்கலாம். இந்தத் தேர்வு கட்டாயமில்லை. இருந்தாலும் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன்.

நான் கூடலூரில் எமர்ஜென்சி நர்ஸ். அமெரிக்க அமைப்பு ஒன்று நடத்தும் சிஇஎன் (சர்டிஃபைடு எமர்ஜென்சி நர்ஸ்) தேர்வை எழுதித் தேறினேன். 3 மணி நேரத்தில் 175 கேள்விகள், அதில் 150-க்குத்தான் மதிப்பெண். சான்றிதழ் 4 வருடம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும்.

அதற்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு ராத்திரி, தேவர்சோலைப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறவரைக் கூட்டி வந்தார்கள். நெஞ்செரிச்சல் என்று வீட்டில் சோடா குடித்திருக்கிறார். அந்தக் குளிரிலும் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. இசிஜியில் இதயத்தின் அடிச்சுவரைக் காட்டும் 2, 3, ஏவிஎஃப் என்ற மூன்று லீடிலும் எஸ்டி என்ற கோடு ஏறியிருந்தது, அதாவது ஹார்ட் அட்டாக். பிபி 96/60, குறைவுதான். டியூட்டி டாக்டர் நாக்குக்கடியில் சார்பிட்ரேட், அதாவது ரத்தக்குழாயை விரிக்கும் மாத்திரை, வைக்கச் சொன்னார். இதயத்தின் அடிச்சுவரில் அட்டாக் வரும்போது வலது கீழறையும் சேர்ந்து அடிபட்டிருக்கலாம். அப்படியிருந்தால் அந்த மாத்திரையில் பிபி மளமளவென்று இறங்கிவிடும். “சார், வலது பக்கம் ஒரு லீட் போட்டுப் பார்த்துடலாமா?” என்று கேட்டேன். “போடுங்க சிஸ்டர்” என்றார். இடது மார்பில் இருந்த வி4 எலெக்ட்ரோடைக் கழற்றி வலது மார்பில் அதே இடத்துக்கு நேராக ஒட்டினேன். அங்கேயும் எஸ்டி ஏறியிருந்தது, வலது கீழறையும் அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். மாத்திரை வேண்டாம் என்று சலைன் ஓட்டச் சொல்லிவிட்டு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை டாக்டர் போட்டார். நடுவட்டம் வழியாக ஊட்டிக்கு அனுப்பியபோது ஆம்புலன்ஸில் நானும் போனேன். சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை, பைக்காரா தாண்டும்வரை பனிமூட்டம். அந்த வளைவுகளில் பிபி விழுந்திருந்தால் வண்டியில் நான் ஒருத்தி என்ன செய்திருக்க முடியும்?

இதெல்லாம் பி.எஸ்சி.யிலேயே இருக்கிறதே என்று சீனியர்கள் சொல்வார்கள். இருக்கிறது, ஒரு வரியாக. எதற்காக, எந்த நேரத்தில் பார்க்க வேண்டும் என்பது இந்தத் தேர்வுக்குப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. டாக்டரை மீறச் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் கேட்டேன், முடிவு அவருடையது. சான்றிதழே இல்லாத எத்தனையோ அக்காமார் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

சிஇஎன் கட்டணம் கட்டுப்படியாகாது என்றால், இந்தியன் நர்சிங் கவுன்சில் பாடத்திட்டத்தில் ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமோ இருக்கிறது. கிரிட்டிக்கல் கேர் (ஐசியூ), எமர்ஜென்சி, ஆங்காலஜி (புற்றுநோய்) எல்லாம் உண்டு.

எதற்கு விண்ணப்பித்தாலும் பதிவுச் சான்றிதழ் வேண்டும். அது உங்கள் கையில் இருக்கிறதா? நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் பாண்ட் (இத்தனை காலம் வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தம்) என்று சொல்லி ஒரிஜினல்களை வாங்கி பீரோவில் பூட்டிக்கொண்டார்கள். வேலையை விட்ட பிறகும் அப்பா நடையாய் நடந்துதான் திரும்பக் கிடைத்தது. படித்து வாங்கியது நாம், பூட்டி வைக்க அவர்கள் யார்? சேரும்போது ஒரிஜினலைக் காட்டுங்கள், ஜெராக்ஸை மட்டும் கொடுங்கள்.