2 சத மேசைக்கு 25,000 ரூபா வகுப்பா?

கேள்வி: அண்ணை, எனக்கு 26 வயது, புதுக்குடியிருப்பில் போன் திருத்தும் கடையில் வேலை. நாலு மாதமாக ஒன்லைனில் போக்கர் விளையாடுகிறேன். டெக்சஸ் ஹோல்டெம், இருப்பதிலேயே சின்ன மேசை, 1 சதம், 2 சதம் பிளைண்ட். 40 டொலர் போட்டேன், 9 டொலர் மிச்சம். பெரிய காசு இல்லைத்தான், ஆனால் ஏன் தோற்கிறேன் என்று விளங்கவில்லை, விளங்காமல் விடவும் மனமில்லை. டெலிகிராமில் ஒருவர் தமிழில் வகுப்பு எடுக்கிறார், 25,000 ரூபா. மூன்று மாதத்தில் போட்ட காசை எடுத்துவிடலாம் என்கிறார். சேரட்டுமா?

பதில்: சேர வேண்டாம் தம்பி. அந்த 25,000 ரூபாவை நீங்கள் விளையாடுகிற மேசையோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். 2 சத மேசையில் முழுக் காசோடு உட்கார்ந்தால் 2 டொலர், அதாவது 100 பெரிய பிளைண்ட் (கை தொடங்க ஒருவர் கட்டாயம் போடும் அந்த 2 சதம்). அங்கே 100 கை விளையாடி 5 பெரிய பிளைண்ட் மிச்சம் பிடிக்கிறவர் நல்ல ஆட்டக்காரர். காசாகப் பார்த்தால் அது 10 சதம். ஒரு மேசையில் மணித்தியாலத்துக்கு 70, 75 கை வரும், ஆக மணிக்கு 7 சதம் சொச்சம். டொலரை 300 ரூபாவாக வைத்துக்கொண்டால் 22 ரூபா, ஒரு பிளேன்ரீக்கும் காணாது. 25,000 ரூபாவை அந்தக் கணக்கில் எடுக்க 1,100 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும், தினமும் இரண்டு மணித்தியாலம் இருந்தால் ஒன்றரை வருடம். அதுவும் நீங்கள் ஏற்கெனவே வெல்கிற ஆட்டக்காரராக இருந்தால். மூன்று மாதத்தில் எடுக்கலாம் என்கிறவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை, அல்லது போட்டும் உங்களிடம் சொல்லவில்லை. இரண்டில் எது என்றாலும் அவரிடம் படிக்கப் போகாதீர்கள்.

ஆனால் பழக வேண்டும் என்ற உங்கள் எண்ணம் நல்லது. அதற்கு இப்போதைக்கு ஒரு கொப்பியும் பேனையும் போதும். இங்கிலீஷ் ஓரளவு வாசிப்பீர்கள் என்றால் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2015இல் நடத்திய போக்கர் பாடத்தை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. ஈக்விலாப் என்ற இலவச மென்பொருளில் எந்தக் கை எந்தக் கைக்கு எத்தனை வீதம் வெல்லும் என்று பார்க்கலாம், கம்ப்யூட்டர் வேண்டும், கடையில் ஓய்வு நேரத்தில் பாருங்கள். இதற்கெல்லாம் ஒரு சதம் போகாது.

சரி, காசு எங்கே போகிறது? நீங்கள் எழுதவில்லை, ஆனால் எங்கள் பக்கத்தில் காட்ஸ் பழகியவர்கள் எல்லாரும் 304 விளையாடி வந்தவர்கள், எனக்கும் அந்தப் பழக்கம்தான் முதலில் காலை வாரியது. 304இல் வந்த காட்டை வைத்து எப்படியும் விளையாடியே ஆகவேண்டும், கூட்டாளி வேறு தாங்கிப் பிடிப்பான். போக்கரில் கூட்டாளி இல்லை, வந்த கையை எறிந்துவிட்டு இருக்கலாம், எறிவதற்குப் பெரும்பாலும் ஒரு சதமும் செலவில்லை. தொடக்கக் கை, முதலில் வருகிற இரண்டு காட், மொத்தம் 169 வகை. ஆறு பேர் மேசையில் ஐந்து கைக்கு ஒன்று விளையாடினால் உங்களுக்கு இப்போது போதும், நீங்கள் அநேகமாக இரண்டுக்கு ஒன்று விளையாடுகிறீர்கள். விளையாடுகிற கையையும் சும்மா 2 சதம் போட்டு எட்டிப் பார்க்காமல் தொகையைக் கூட்டி, ரெய்ஸ் பண்ணி உள்ளே போங்கள். கடைசியாக முடிவெடுக்கும் இடத்தில், பட்டனில், இருக்கும்போது கொஞ்சம் தாராளமாக விளையாடலாம், மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு நீங்கள் செய்கிறீர்கள். முதலாவதாகப் பேச வேண்டிய இடத்தில் கை இறுக்கம் வேண்டும்.

இதில் காசு விஷயம் ஒன்றும் ஒளிந்திருக்கிறது, ரேக், அதாவது தளம் எடுக்கும் பங்கு. பெரும்பாலான தளங்கள் பொட்டில், நடுவில் சேர்ந்த காசில், 5 வீதம் அளவில் எடுக்கும். 40 சதப் பொட்டில் 2 சதம், ஒரு முழுப் பெரிய பிளைண்ட், யார் வென்றாலும் தளத்துக்குப் போய்விடும். புளொப், அதாவது மேசையில் விரிக்கும் முதல் மூன்று காட், வராமல் முடிகிற கையில் பொதுவாக ரேக் இல்லை. ஆகவே எல்லாக் கையிலும் எட்டிப் பார்க்கிறவர் எதிராளிக்குத் தோற்பதோடு மேசைக்கும் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார். உங்கள் 31 டொலரில் ஒரு நல்ல பங்கு இப்படித்தான் போயிருக்கும். வங்கிக் காட்டில் டொலர் போடும்போது வங்கி எடுத்த மாற்றுக் கட்டணத்தையும் ஒருமுறை ஸ்டேட்மென்டில் பாருங்கள், 10, 10 டொலராக நாலு முறை போட்டிருந்தால் நாலு முறையும் போயிருக்கும்.

அடுத்தது, காட் வருமென்று காத்துக்கொண்டு இருப்பது. ஒரே ஒரு கையை வடிவாகப் பார்ப்போம். உங்களிடம் ஹார்ட்ஸ் 9, ஹார்ட்ஸ் 8. புளொப்பில் ஹார்ட்ஸ் கிங், ஹார்ட்ஸ் 5, கிளப்ஸ் 2. இன்னொரு ஹார்ட்ஸ் வந்தால் ஐந்தும் ஒரே இனம், பிளஷ். பொட்டில் 12 சதம் இருக்கிறது, எதிராளி 12 சதம் அடிக்கிறார். நீங்கள் காணாத காட் 47, அதில் ஹார்ட்ஸ் 9. அடுத்த காட்டிலேயே வருகிற வாய்ப்பு 19 வீதம். நீங்கள் 12 போட்டால் பொட் 36, அதாவது மூன்றில் ஒரு பங்கு உங்கள் காசு, அந்த விலைக்கு 33 வீத வாய்ப்பு வேண்டும். 19 பெறுமதியானதை 33 கொடுத்து வாங்குகிறீர்கள். இன்னும் இரண்டு காட் இருக்கே, சேர்த்தால் 35 வீதம் வருமே என்று கேட்பீர்கள். சரிதான், ஆனால் டேர்னில், நாலாவது காட்டில், எதிராளி மறுபடி அடிப்பார், அதற்கும் நீங்கள் கட்ட வேண்டும், அந்த 35 வீதம் முழுக்காசும் புளொப்பிலேயே உள்ளே போனால்தான் உங்களுடையது. இப்போது அதே இடத்தில் எதிராளி 4 சதம்தான் அடித்தார் என்று வையுங்கள். 4 போட்டால் பொட் 20, வேண்டியது 20 வீதம், இருப்பது 19, பிளஷ் வந்தால் பிறகும் அவரிடம் கொஞ்சம் எடுக்கலாம், அந்த 4 சதத்தைக் கட்டி கோல் பண்ணலாம். காட் அதேதான், விலை மாறினால் முடிவு மாறுகிறது. இந்தக் கணக்கை மேசையிலேயே போடத் தெரிந்த நாளில் நீங்கள் அந்த மேசையில் பாதிப் பேரைத் தாண்டிவிட்டீர்கள்.

இன்னொன்று, இந்தச் சின்ன மேசைகளில் ரிவரில், கடைசிக் காட்டில், ஒருவர் பெரிதாக ரெய்ஸ் பண்ணினால் அவரிடம் காட் இருக்கிறது. உங்கள் ஒற்றைச் சோடி ஆஸாக இருந்தாலும் எறிந்துவிடுங்கள். அதேபோல எல்லாவற்றுக்கும் கோல் பண்ணுகிறவரிடம் நல்ல காட் இருப்பதுபோலக் காட்டிப் புளஃப் அடிக்காதீர்கள், அவர் மடங்க மாட்டார்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் தோற்கும் கிழமைகள் வரும். ஆஸ் சோடியோடு கிங் சோடிக்கு எதிராக முழுக்காசையும் வைத்தாலும் 100க்கு 18 தரம் தோற்பீர்கள். நாலு மாதத்தில் நீங்கள் விளையாடியிருக்கக்கூடியது எட்டு, பத்தாயிரம் கை, அவ்வளவு கையில் நல்ல ஆட்டக்காரரும் நட்டத்தில் நிற்கலாம். அதனால் மிச்சத்தைப் பார்க்காமல் முடிவுகளைப் பாருங்கள். விளையாடி முடித்ததும் அன்றைய மூன்று பெரிய பொட்டைக் கொப்பியில் எழுதுங்கள்: என் காட் என்ன, எந்த இடத்தில் இருந்தேன், பொட் எவ்வளவு, என்ன விலை கேட்டார்கள், ஏன் கட்டினேன். ‘பார்ப்போம் என்று கட்டினேன்’ என்று எத்தனை தரம் எழுதுகிறீர்கள் என்று ஒரு மாதம் கழித்து எண்ணுங்கள்.

9 டொலரோடு நாலரை முறைதான் உட்காரலாம், பழகுவதற்கு அது காணாது. 20 முறை உட்காரும் காசு, 40 டொலர், அதுவும் முழுதும் போனாலும் வீட்டுக்குத் தெரியாத அளவு காசாக இருந்தால் மட்டும். அதற்கு மேல் இந்த வருடம் வேண்டாம். அப்புறம், சிக்னல் விட்டுவிட்டு வருகிற இடத்தில் இருந்து விளையாடாதீர்கள். நேரம் முடிந்தால் தளம் உங்கள் கையைத் தானாக மடித்துவிடும், போட்ட காசு போனதுதான். நாலு மணித்தியாலம் ஓடும் டோர்னமென்டை மழை நாளில் கரண்ட் நம்பித் தொடங்குவதும் அப்படித்தான்.

கேள்வி: மல்லாவியில் ஒரு ஏஜென்ட் இருக்கிறார். அவருக்கு வங்கியில் காசு போட்டால் ஆப்பில் சிப்ஸ் ஏற்றி விடுவார், டொலர் காட் தேவையில்லை. முதல் முறை 3,000 ரூபா பொனசும் தருகிறார். நம்பலாமா?

பதில்: ஏற்கெனவே சிப்ஸ் வாங்கியிருந்தால் இன்றைக்கே முழுவதையும் காசாகத் திருப்பிக் கேளுங்கள், அவர் எவ்வளவு கெதியாகத் தருகிறார் என்பதே உங்களுக்குப் பதில். அந்த மாதிரிக் கிளப் ஆப்பில் இருப்பது வெறும் விளையாட்டுச் சிப்ஸ், ஆப் நிறுவனத்துக்கும் உங்கள் காசுக்கும் தொடர்பில்லை. காசு இருப்பது ஏஜென்டின் கணக்கில். நாளைக்கு அவர் வட்ஸ்அப்பில் உங்களைத் தடுத்துவிட்டால் கையில் ஒரு பில்லும் இல்லை. மேசையில் இருக்கிற மற்ற மூன்று பேரும் ஒரே அறையில் இருந்து காட்டைச் சொல்லிச் சொல்லி விளையாடினாலும் உங்களுக்குத் தெரியாது.

பெரிய தளங்களிலேயே இது நடந்திருக்கிறது. 2011 ஏப்ரல் 15ஆம் திகதி அமெரிக்க அரசு மூன்று பெரிய போக்கர் தளங்களை முடக்கியது. அதில் ஃபுல் டில்ட் என்ற தளம் ஆட்டக்காரர் காசைப் புறம்பாக எடுத்து வைக்கவே இல்லை என்று பிறகு தெரியவந்தது, அமெரிக்க ஆட்டக்காரருக்குக் காசு திரும்பத் தொடங்கியது 2014இல். அதனால் எந்தத் தளமானாலும் ஆட்டக்காரர் காசைத் தனிக் கணக்கில் வைக்கிறார்களா என்று பாருங்கள், பெரிய தொகை போட முன்னர் சின்னத் தொகை ஒன்றை வெளியே எடுத்துப் பாருங்கள், அடையாள அட்டைப் பெயரும் கணக்குப் பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

பொனஸ் என்பது கையில் தருகிற காசு இல்லை. இவ்வளவு ரேக் கட்டினால் இவ்வளவு அவிழும் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும், அதை வாசிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். இந்திய யூடியூப் விளம்பரங்களில் பார்த்த பெயர்களைச் சொல்லி யாரும் ஏபிகே, அதாவது ஆப்பை நேரடியாக ஏற்றும் கோப்பு, அனுப்பினால் போனில் ஏற்றவே வேண்டாம். 2025 ஓகஸ்டில் காசு வைத்து ஆடும் ஒன்லைன் விளையாட்டைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் வந்து, அங்கே பெரிய நிறுவனங்களே காசு ஆட்டத்தை நிறுத்திவிட்டன.

கேள்வி: போனில் விளையாடுவதால்தான் தோற்கிறேன் என்கிறார்கள். எதிராளியின் புள்ளிவிவரம் காட்டும் மென்பொருளும் அதற்கு ஒரு லப்டொப்பும் வாங்கட்டுமா? (பரந்தன்)

பதில்: வேண்டாம். உங்கள் தளம் அந்த மென்பொருளை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள், சில தளங்கள் அடியோடு தடுத்திருக்கின்றன, பிடித்தால் கணக்கை மூடுவார்கள். லப்டொப் பிள்ளைகளின் படிப்புக்கோ தொழிலுக்கோ தேவையென்றால் அதற்காக வாங்குங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. போக்கரில் விட்டுவிட்டு அம்மாவின் சங்கிலியை எங்களுக்குச் சொல்லாமல் அடகு வைத்திருக்கிறான். இன்னும் 20,000 தந்தால் எல்லாவற்றையும் மீட்டுவிடுவேன் என்று அழுகிறான். கொடுக்கட்டுமா? (மாங்குளம்)

பதில்: கொடுக்காதீர்கள் தங்கச்சி. மேலே எழுதின கணக்கு அவனுக்கும் பொருந்தும், 20,000 ரூபாவை வைத்து விட்ட காசை மீட்க வேண்டுமென்றால் பெரிய மேசைக்குப் போக வேண்டும், அங்கே இருப்பவர்கள் அவனைவிட நன்றாக விளையாடுகிறவர்கள். அவன் பொய் சொல்கிறான் என்று நான் சொல்லவில்லை, உண்மையாகவே நம்புகிறான், அதுதான் பயமாக இருக்கிறது.

ஏசாமல் பக்கத்தில் இருந்து யார் யாருக்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுத வையுங்கள், நண்பர்களிடம் வாங்கியது, லோன் ஆப்பில் எடுத்தது எல்லாம். அதை அடைக்க இன்னொரு கிழமைக் கடன் எடுக்க வேண்டாம், எங்கள் சனம் அந்தக் கடனில் பட்டது போதும். தளத்தில் தன்னைத் தானே தடுத்துக்கொள்ளும் வசதி இருக்கும், ஆறு மாதமோ நிரந்தரமாகவோ என்று தெரிவுசெய்யலாம், அதை அவன் கையாலேயே உங்கள் முன்னால் செய்யட்டும். வங்கிக்குப் போன் எடுத்து அவன் காட்டில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவை நிறுத்தச் சொல்லுங்கள். நித்திரை இல்லாமல் திரிகிறான், சாகவேண்டும் போலக் கதைக்கிறான் என்றால் ஒரு நாளும் தாமதிக்காமல் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல உதவி இலக்கம், தமிழில் கதைக்கலாம்.

சங்கிலி ஏலத்துக்குப் போகாமல் இருக்க, அடகுச் சீட்டைக் கேட்டு வாங்கித் தவணைத் திகதியைப் பாருங்கள். முழுதாக மீட்க ஏலாவிட்டாலும் அதற்குள் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று வைத்த இடத்திலேயே கேட்கலாம். போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அடகு வைத்தது அவன் பெயரில் என்றால் அவன் அடையாள அட்டையும் வேண்டும்.