பேரேரிகளில் லாம்ப்ரே: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கடலில் வாழும் லாம்ப்ரே (விலாங்கு போல நீண்டு, மற்ற மீன்களில் ஒட்டி ரத்தம் உறிஞ்சும் மீன்), வட அமெரிக்காவின் பேரேரிகளுக்குள் எப்படிப் புகுந்தது?

கால்வாய் வழியாகத்தான். ஒன்டாரியோ ஏரிக்கு மேலே அது ஏறாமல் நயாகரா அருவி தடுத்து வைத்திருந்தது. கப்பல் போவதற்காக அருவியைச் சுற்றி வெட்டிய வெல்லண்ட் கால்வாய் அந்தத் தடையை உடைத்தது. 1921-ல் ஈரி ஏரி, 1936-ல் மிச்சிகன், 1937-ல் ஹியூரான், 1938-ல் சுப்பீரியர் என்று வரிசையாகத் தென்பட்டது. முட்டையிட ஆற்றில் ஏறுகிற உயிர் என்பதால் நன்னீர் அதற்குப் புதிதும் இல்லை.

ஒரு லாம்ப்ரே எத்தனை மீனைக் கொல்லும்?

ஒட்டி வாழும் 12 முதல் 18 மாதத்தில் சுமார் 18 கிலோ வரை. வட்டவாயால் கவ்வி, அரம் போன்ற நாக்கால் தோலைத் துளைத்து, ரத்தம் உறையவிடாமல் உறிஞ்சும். அட்லாண்டிக்கின் பெரிய மீன்கள் பெரும்பாலும் தாங்கிவிடும். பேரேரிகளின் ஏரி ட்ரௌட் என்ற மீன் தாங்காது. ஹியூரான், மிச்சிகன், சுப்பீரியர் என்ற மேல் ஏரிகளில் ஆண்டுக்குச் சுமார் 1.5 கோடி பவுண்டு கிடைத்த ட்ரௌட், 1960-களின் தொடக்கத்தில் 3 லட்சம் பவுண்டுக்கு வந்தது. அளவுமீறிய மீன்பிடிப்புக்கும் இதில் பங்குண்டு. ட்ரௌட் போனதும் தின்னப் பெரிய மீன் இல்லாமல் அலைவைஃப் என்ற சிறுமீன் கட்டுக்கடங்காமல் பெருகி, 1967-ல் மிச்சிகன் ஏரிக் கரையில் செத்துக் குவிந்தது.

டொரன்டோவில் இருக்கிறேன். தூண்டிலில் வந்த மீனில் ஒரு லாம்ப்ரே ஒட்டியிருந்தது. என்ன செய்வது?

முதுகுத் துடுப்பைப் பாருங்கள். தனித்தனியாக இரண்டு இருந்தால் கடல் லாம்ப்ரே. மறுபடி தண்ணீரில் விடாதீர்கள். ஒரே நீளத் துடுப்பு என்றால் உள்ளூர் இனம், விட்டுவிடலாம்.

லாம்ப்ரேயைக் கொல்ல ஆற்றில் விஷம் விடுகிறார்களே, மற்ற மீன்கள் சாகாதா?

சுமார் 6,000 வேதிப்பொருட்களைச் சோதித்து 1950-களில் கண்டெடுத்த டி.எஃப்.எம். என்ற மருந்து லாம்ப்ரே குஞ்சுகளைக் குறிவைக்கிறது. குஞ்சுகள் ஆற்றுச் சேற்றில் பல ஆண்டுகள் புதைந்து கிடக்கும். அதனால் 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை விட்டால் போதும். மற்ற மீன்களின் கல்லீரல் இதை மாற்றி வெளியேற்றும், லாம்ப்ரேக்கு அந்தத் திறன் மிகக் குறைவு.

சிக்கல் அளவில்தான். 9 மணி நேரத்தில் 99.9% குஞ்சுகளைக் கொல்லும் குறைந்தபட்சச் செறிவே அடிப்படை. மருந்தைச் சுமார் 12 மணி நேரம் தொடர்ந்து விடுவார்கள். நீரின் பி.ஹெச். (அமில-கார அளவு) குறைந்தால் விஷம் கூடும். பகலில் பாசியும் நீர்ச்செடியும் கரியமில வாயுவை இழுப்பதால் பி.ஹெச். ஏறும், இரவில் இறங்கும். மதியத்துக்குக் கணக்கான அளவை அப்படியே இரவிலும் ஓட்டினால் மற்ற மீன்களும் செத்து மிதக்கும். குறைத்தே விட்டால் குஞ்சு பிழைக்கும். ஆகவே பி.ஹெச்.சையும் காரத்தன்மையையும் அளந்துகொண்டே இருக்க வேண்டும். சரியான அளவிலும் ஸ்டர்ஜன் என்ற பெரிய மீனின் குட்டிகளுக்கும் மட்பப்பி என்ற நீர்வாழ் உயிருக்கும் ஆபத்து உண்டு.

மருந்துக்குப் பதில் தடுப்பணை போதாதா?

சுமார் 45 செ.மீ. வீழ்ச்சியும் மேலே வெளியே நீட்டிய விளிம்பும் இருந்தால் லாம்ப்ரே ஏறாது. அதற்குத் தாவத் தெரியாது. ஆனால் தாவாத மற்ற மீன்களும் கீழேயே நின்றுவிடும். பழைய அணையைப் பழுதாகவிடுவது அதைவிட மோசம்: மிச்சிகன் மாநிலத்தின் மனிஸ்டிக் ஆற்றில் அணை சிதைந்ததால் லாம்ப்ரே மேலேறி ஏராளமாகப் பெருகியது.

முழுதாக ஒழிக்க முடியுமா?

இதுவரை முடியவில்லை. பெரும்பாலான இடங்களில் உச்ச எண்ணிக்கையிலிருந்து சுமார் 90% குறைத்திருக்கிறார்கள். கொரோனாவால் 2020, 2021-ல் மருந்து விடுவது குறைந்தது; அடுத்த ஆண்டுகளிலேயே லாம்ப்ரே எண்ணிக்கை ஏறியது.