காட்டாற்று மரப்படகை மீட்பது எப்படி? கேள்வி பதில்

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு வழியே ஓடிய பழைய மரத் துடுப்புப் படகுகளைப் பழுதுபார்த்துக் காப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: சார், படகு என்றால் படகுதானே? காட்டாற்றுப் படகில் அப்படி என்ன தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது?

பதில்: அடிப்பாகத்தைப் பாருங்கள். 1869-இல் ஜான் வெஸ்லி பவல் என்ற ஆய்வாளர், தன்னையும் சேர்த்துப் பத்துப் பேர், நான்கு படகுகளோடு, கொலராடோவில் போய்ச் சேரும் கிரீன் ஆற்றில் இறங்கினார். அவை நீளவாக்கில் நேராக ஓடுவதற்கென்று, உருண்ட அடியோடு கட்டியவை. துடுப்பு போடுபவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். ‘நோ நேம்’ என்ற படகு, கிராண்ட் கேன்யனுக்கு வெகு முன்பே, கிரீன் ஆற்றின் லொடோர் பள்ளத்தாக்கிலேயே பாறையில் மோதி உடைந்துவிட்டது.

1890-களில் யூட்டாவைச் சேர்ந்த நத்தானியேல் காலவே என்ற வேட்டைக்காரர் வேறு வழி கண்டார். குறுக்கே தட்டையாகவும், நீளவாக்கில் இரு முனைகளையும் நோக்கி மேலே வளைந்தும் இருக்கும் அடி கொண்ட இலேசான படகு. ஆறு போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, ஓட்டத்துக்கு எதிராகத் துடுப்பை வலித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டே போவது. அடியில் அந்த வளைவு இருப்பதால் படகு நின்ற இடத்திலேயே திரும்பும். 1938-இல் நார்ம் நெவில்ஸ் பிளைவுட்டில் கட்டிய படகுகள், பிறகு ஆற்றுப் பயணங்கள் நடத்திய மார்ட்டின் லிட்டன் ஓரிகனிலிருந்து கொண்டுவந்த ‘டோரி’ என்ற வகைப் படகுகள், எல்லாவற்றிலும் இந்த வளைவுதான் உயிர். பழுதுபார்க்கும்போது அது அரை அங்குலம் தட்டையாகிப் போனாலும் ஆற்றில் படகு வேறு மாதிரி நடக்கும்.

கேள்வி: அண்ணா, ஓரிகனில் இருக்கும் என் மாமனார் வீட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு பழைய பிளைவுட் டோரி கிடக்கிறது. மழை படாமல் தார்ப்பாய் சுற்றி வைத்திருக்கிறேன். அடுத்து என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்தத் தார்ப்பாயை அவிழ்த்துவிடுங்கள். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் கொஞ்சம் காற்றும் போதும். மரத்தில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் அதற்குக் கொண்டாட்டம். சுற்றி மூடிய தார்ப்பாய் உள்ளே வியர்த்து, அந்த ஈரத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கும். மேலே கூரை, நான்கு பக்கமும் காற்று, இதுதான் தேவை. ஹீட்டர் வைத்து அவசரமாக உலர்த்தாதீர்கள், பிளைவுட் அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும்.

அப்புறம், தரையில் தட்டையாகவோ இரண்டு கட்டைகள் மேலோ வைக்காதீர்கள். அடி வளைவுக்கு ஏற்ற மாதிரி பல இடங்களில் தாங்கு கொடுங்கள். அதன் பிறகு அளவெடுங்கள். சட்டங்களின் (படகின் உள்ளே குறுக்கே விலா எலும்புபோல் நிற்பவை) இடைவெளி, ஒவ்வொரு சட்டத்திலும் அகலம், உயரம், அடியின் வளைவு என்று எல்லாவற்றையும் எழுதிவைத்துப் படமும் எடுங்கள். ஒரு திருகாணியைக் கழற்றுவதற்கு முன்பே இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். விளிம்புக் கட்டையைக் கழற்றியவுடன் பக்கப் பலகைகள் விரிந்துகொள்ளும். அளவு கையில் இல்லையென்றால் பழைய வடிவத்துக்குத் திரும்ப வழியில்லை.

கேள்வி: இற்றுப்போன இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? மேலே எபாக்ஸிப் பசை ஊற்றினால் கெட்டியாகிவிடும் என்கிறார்களே?

பதில்: கூரான குத்தூசி ஒன்று, மர சுத்தியல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மரம் தட்டினால் கணீரென்று கேட்கும், இற்றது மொத்தென்று கேட்கும். சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் குத்திப் பாருங்கள். அடியும் பக்கமும் சேரும் மூலை, பின்முனைக் கட்டை, மேல்தட்டுக்குக் கீழே சாமான் பெட்டியின் மூலைகள், துடுப்புக் கொண்டி பொருத்திய இடம். மழைநீர் தேங்கும் இந்த இடங்களில்தான் முதலில் போகும். பலகையின் வெட்டு விளிம்பு வழியாகத்தான் தண்ணீர் உள்ளே ஏறுகிறது.

எபாக்ஸி ஊற்றுவதை நான் ஏற்கவில்லை. இற்ற மரம் அதைக் குடித்துக் கடினமாகும், ஆனால் பழைய வலு வராது. பாறையில் அடிபடும்போது அந்த இடத்தைச் சுற்றியே உடையும். ஈரம் உள்ளே இருக்க மேலே ஃபைபர் கிளாஸ் போர்த்துவது அதைவிட மோசம். இற்றதை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல மரம் வரும் இடத்திலிருந்து சாய்வு வெட்டாக, அதாவது பழைய, புதுப் பலகை இரண்டின் விளிம்பையும் சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, புதுப் பலகையை ஒட்டுங்கள். சரிவின் நீளம் பலகையின் கனத்தைப் போல் எட்டு மடங்காவது வேண்டும். கால் அங்குலப் பிளைவுட் என்றால் 2 அங்குலம்.

கேள்வி: பழைய பெயின்ட்டைச் சுரண்டிவிடலாமா சார்?

பதில்: உப்புத்தாளை எடுக்காதீர்கள். அமெரிக்காவில் வீட்டு பெயின்ட்டில் ஈயத்தைத் தடைசெய்தது 1978-இல்தான். அதற்கு முந்தைய படகு என்றால் அந்தத் தூசி விஷம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பரிசோதனை. பிறகு மறைவான ஓர் இடத்தில் மட்டும், ஈரம் காட்டி, அடுக்கடுக்காகப் படிபோலத் திறந்து பாருங்கள். எந்த வண்ணத்தில் பிறந்தது, எப்போது மாறியது, முன்பு என்ன பெயர் எழுதியிருந்தது, எல்லாம் அந்த அடுக்குகளில் இருக்கிறது.

கேள்வி: பாதிக்கு மேல் புது மரம் போட்டுவிட்டால் அது பழைய படகுதானா?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ‘எமரால்ட் மைல்’ படகை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதன் அழித்த இயற்கை இடங்களின் பெயரைத்தான் லிட்டன் தன் டோரிகளுக்கு வைத்தார். இது வடக்குக் கலிபோர்னியாவில் வெட்டப்பட்ட ரெட்வுட் மரக் காடு ஒன்றின் பெயர். ஆற்றில் நொறுங்கி, இனி தேறாது என்று கழித்துக்கட்ட இருந்த அந்தப் படகைக் கென்டன் குருவா என்ற படகோட்டி கேட்டு வாங்கித் திரும்பக் கட்டினார். 1983 ஜூனில், கிராண்ட் கேன்யனுக்கு மேலே உள்ள க்ளென் கேன்யன் அணையிலிருந்து பெருவெள்ளம் திறந்துவிடப்பட்டிருந்தபோது, குருவாவும் இரண்டு தோழர்களும் அதே படகில் 277 மைலை 37 மணி நேரத்துக்குள் துடுப்பு வலித்தே கடந்தார்கள். நடுவில் கிரிஸ்டல் ரேப்பிட்டில் (ரேப்பிட் என்றால் ஆறு பாறைகள் மேல் கொந்தளித்துப் பாயும் இடம்) கவிழ்ந்து, நிமிர்த்தி, மறுபடியும் ஓட்டினார்கள். அதைப் புதுப் படகு என்று யாரும் சொல்வதில்லை.

இந்தப் படகுகள் வேலை செய்த காலத்திலேயே மணல்திட்டில், கைவிளக்கு வெளிச்சத்தில் ஒட்டுப் போடப்பட்டவை. அந்த ஒட்டுகள் உறுதியாக இருந்தால், அழகில்லை என்பதற்காகப் பிடுங்காதீர்கள். அது யாரோ ஒருவர் இரவோடு இரவாகச் செய்த வேலை, படகின் வரலாற்றில் அதற்கும் இடம் உண்டு. நீங்கள் வைக்கும் புதுப் பலகையின் உட்பக்கத்தில் ஆண்டை எழுதுங்கள். கழற்றிய துண்டுகளுக்குச் சீட்டு ஒட்டிப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: சரிசெய்த பிறகு ஆற்றில் இறக்கலாமா, அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா?

பதில்: அதே வகையில் இன்னும் பல படகுகள் ஓடிக்கொண்டிருந்தால், இறக்குங்கள். ஓடத்தானே கட்டினார்கள். ஆனால் புகைப்படக்காரர்களான கோல்ப் சகோதரர்கள் 1911-இல் சினிமா கேமராவோடு புறப்பட்ட ‘ஈடித்’, நெவில்ஸின் ‘வென்’ போன்றவை திரும்பக் கிடைக்காதவை. அவை கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் சேகரிப்பில் இருக்கின்றன, அங்கேயே இருக்கட்டும். அப்படிப்பட்ட ஒன்று உங்களிடம் இருந்தால், அளவெடுத்து அதே மாதிரி புதுப் படகு கட்டி அதை ஓட்டுங்கள். பழையதில் நீங்கள் செய்யும் எதுவும் பின்னால் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். எபாக்ஸி அதற்கு உதவாது.

கேள்வி: அந்தக் காலத்துப் படகோட்டி பெர்ட் லோப்பரின் படகு பள்ளத்தாக்கிலேயே கிடந்து மக்கியதாமே. ஏன் யாரும் தூக்கிவரவில்லை?

பதில்: 1949 ஜூலையில், எண்பதாவது பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் முன்பு, தானே கட்டிய படகில் போன லோப்பர் ரேப்பிட்டில் கவிழ்ந்து இறந்தார். படகு கீழே ஒதுங்கியது. தோழர்கள் அதைக் கரையில் மேலே இழுத்து வைத்துவிட்டுப் போனார்கள். அவரை நேசித்தவர்கள் அங்கே விட்டதை அங்கேயே விடுவது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. ஆற்றுக்குப் போகிறவர்களுக்கு அது ஒரு நடுகல். தேசியப் பூங்காவுக்குள் ஓர் ஆணியைக்கூட எடுப்பது குற்றம் என்பதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: ஆசாரி வேலை தெரியாத நான் இதில் எதைச் செய்யலாம்?

பதில்: அளவெடுப்பதும் படமெடுப்பதும் உங்களால் முடியும். படகை ஓட்டியவர்கள் உயிரோடு இருந்தால் இந்த மாதமே போய்ப் பேசிப் பதிவுசெய்யுங்கள். சாய்வு வெட்டை வேண்டாத பிளைவுட் துண்டுகளில் பழகுங்கள். ஒட்டியது காய்ந்ததும் வளைத்து உடைத்துப் பாருங்கள். பசைக்கோட்டில் பிரியாமல் மரம் கிழிந்தால், படகில் கை வைக்கலாம்.